பச்சிளங்குழந்தையின் மஞ்சள் நிறம்: எப்போது காத்திருக்கலாம், எப்போது விரைய வேண்டும்?

மகப்பேறு முடிந்து வீடு திரும்பிய பெற்றோர் முதல் இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் எங்கள் பிரிவிற்கு வருவதற்கு, குழந்தையின் உடலில் தோன்றும் மஞ்சள் நிறம் ஒரு முக்கியக் காரணமாக உள்ளது. அவர்களுள் சிலர் தேவைக்கு மேல் அஞ்சி வருகின்றனர். அவர்களுக்கு ஆறுதல் கூறி அனுப்புவது எளிது. வேறு சிலர், வர வேண்டிய நாள் கடந்த பின்னர் வருகின்றனர். அக்குழந்தைகளுக்காக நாங்கள் செய்யக்கூடியவை சில வேளைகளில் மிகவும் சுருங்கிவிடுகின்றன. இவ்விரு நிலைகளையும் தவிர்க்க உதவும் செய்திகளை இம்மாத இதழில் விளக்க விரும்புகிறோம். தாயும் தந்தையும் மட்டுமன்றி, குழந்தையை உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பாட்டிமார்களும் இதனைப் படித்தல் நலம்.

மஞ்சள் நிறம் ஏன் தோன்றுகிறது?

நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. பிறந்த குழந்தையின் சிவப்பணுக்களுக்கு ஆயுள் குறைவு, எண்ணிக்கையோ அதிகம். அவை அழியும்போது பிலிருபின் எனும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. இதனைக் கல்லீரல் நீரில் கரையும் பொருளாக மாற்றிப் பித்தத்தின் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. அது மலத்துடன் வெளியேறுகிறது. மலத்திற்கு நிறம் தருவதும் இப்பொருளே.

கருவில் இருந்தவரை இந்தப் பணியைத் தாயின் உடல் செய்து வந்தது. குழந்தையின் பிலிருபின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயைச் சென்றடைந்து, தாயின் கல்லீரலால் நீக்கப்பட்டது. தொப்புள்கொடி அறுக்கப்பட்ட பின்னர் அப்பொறுப்பு முழுவதும் குழந்தையின் கல்லீரலைச் சேர்கிறது. இதற்குத் தேவையான நொதி குழந்தைக்குத் தொடக்கத்தில் மிகக் குறைவாகவே சுரக்கும். வரவு மிகுதியாகவும் செலவு குறைவாகவும் இருக்கும் அச்சில நாட்களில், பிலிருபின் இரத்தத்தில் தேங்கித் தோலிலும் கண்ணிலும் மஞ்சளாகத் தெரிகிறது. நிறைமாதக் குழந்தைகளுள் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளுள் நூற்றுக்கு 80 பேருக்கும் முதல் வாரத்தில் இது காணப்படும். ஆகவே, பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒரு நோயன்று. வளர்ச்சியில் கடந்து செல்லும் ஒரு நிலையே. பெரியவர்களுக்குக் கிருமித்தொற்றால் வரும் மஞ்சள் காமாலையும் இதுவும் ஒன்றல்ல. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை.

நாட்கணக்கே முதல் அளவுகோல்

இயல்பான மஞ்சள் நிறம் பிறந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கும்; நான்காம், ஐந்தாம் நாட்களில் உச்சமடையும்; பிறகு படிப்படியாகக் குறைந்து இரண்டு வாரங்களுக்குள் மறையும். குறைமாதக் குழந்தைகளுக்கு உச்சநிலை சற்றுத் தாமதமாக, ஏறத்தாழ ஏழாம் நாளில் வரலாம். மறைவதற்கு மூன்று வாரங்கள் வரை ஆகலாம்.

இக்கணக்கில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுகப்பிரசவமான தாயும் சேயும் பெரும்பாலும் 48 மணி நேரத்திற்குப் பின் வீடு திரும்புகின்றனர். திங்கட்கிழமை காலை பிறந்த குழந்தை புதன்கிழமை வீட்டிற்குச் செல்கிறது என்று கொள்வோம். அதன் பிலிருபின் அளவு உச்சமடைவது வெள்ளி, சனிக் கிழமைகளில். அப்போது குழந்தை எங்கள் பார்வையில் இல்லை. உங்கள் பார்வையில் மட்டுமே உள்ளது. வெள்ளிக்கிழமை மாலை கால்வரை மஞ்சளாகத் தெரியும் குழந்தையை, ஞாயிறு கழித்துத் திங்களன்று காட்டலாம் என்று நிறுத்திவைப்பது பாதுகாப்பானதன்று. வீடு திரும்பும்போது நாங்கள் எழுதிக் கொடுக்கும் மறுபரிசோதனை நாள் இதனைக் கருதியே குறிக்கப்படுகிறது. குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணி அந்நாளைத் தவறவிடாதீர்கள்.

பிறந்த முதல் 24 மணி நேரத்திற்குள் தோன்றும் மஞ்சள் நிறத்தை ஒருபோதும் இயல்பானதாகக் கொள்ள இயலாது. அந்நேரத்தில் நிறம் தெரிகிறதென்றால், சிவப்பணுக்கள் வழக்கத்திற்கு மாறான வேகத்தில் அழிகின்றன என்று ஐயுற வேண்டும். உடனே இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

அண்டை வீட்டுக் குழந்தைக்கு 12 மில்லிகிராம் இருந்தும் ஒன்றும் செய்யவில்லையே, எங்கள் குழந்தைக்கு மட்டும் ஏன் சிகிச்சை என்று சிலர் கேட்பதுண்டு. ஒரு டெசிலிட்டருக்கு 12 மில்லிகிராம் என்ற அதே அளவு, பிறந்து அரை நாளே ஆன குழந்தைக்கு ஆபத்தின் அறிகுறி. ஐந்து நாள் ஆன, நிறைமாதமான, நன்கு பால் குடிக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையற்ற அளவு. குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனை வாரத்தில் பிறந்தது, வேறு இடர்கள் உள்ளனவா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தே நாங்கள் முடிவு செய்கிறோம்.

அளவு மீறினால் என்ன நேரும்?

மிதமான அளவில் பிலிருபின் தீங்கு செய்வதில்லை. அளவு மிகும்போது, இரத்தத்திலுள்ள புரதத்துடன் இணையாமல் எஞ்சும் பகுதி மூளைக்குள் நுழைந்து அதன் ஆழ்ந்த பகுதிகளில் படியக்கூடும். தொடக்கத்தில் குழந்தை சோர்ந்து, தளர்ந்து, பால் குடிக்கும் ஆர்வம் குறைந்து காணப்படும். அடுத்த நிலையில் கீச்சென்ற குரலில் அழும். உடல் விறைத்து, தலையும் முதுகும் பின்னோக்கி வளையும். காய்ச்சலும் வலிப்பும் வரலாம். இந்நிலையைக் கடந்து உயிர் பிழைக்கும் குழந்தைகளுள் பலருக்குக் காது கேளாமையும், கைகால்கள் கட்டுப்பாடின்றி அசையும் மூளை முடக்குவாதமும் வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடும். அதனை மாற்ற மருந்தில்லை. உரிய நேரத்தில் கண்டறிந்தால் அது வராமலே தடுக்க முடியும் என்பதுதான் இக்கட்டுரையை நாங்கள் எழுதுவதற்குக் காரணம்.

தொடக்க அறிகுறி சோர்வு என்பதை நினைவில் கொள்ளுங்கள். "குழந்தை மிகவும் சமர்த்து, அழுவதே இல்லை, பாலுக்குக்கூட எழுவதில்லை" என்று பெருமையாகச் சொல்லப்படும் மஞ்சள் நிறக் குழந்தையை நாங்கள் அன்றே பார்க்க விரும்புகிறோம்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

தாயின் இரத்தப் பிரிவு ஆர்.எச். நெகட்டிவ் ஆகவும் குழந்தையின் பிரிவு பாசிட்டிவ் ஆகவும் இருந்தால், தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். இது பெரும்பாலும் முதற்குழந்தையை விட்டுவிட்டு அடுத்தடுத்த குழந்தைகளைத் தாக்கும். இதனைத் தடுக்கவே, பிரசவமான 72 மணி நேரத்திற்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போடப்படுகிறது. கருச்சிதைவுக்குப் பின்னரும் இவ்வூசி தேவைப்படலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. தாய் ஓ பிரிவாகவும் குழந்தை ஏ அல்லது பி பிரிவாகவும் இருக்கும்போதும் மஞ்சள் நிறம் மிகலாம். இது முதற்குழந்தைக்கே வரக்கூடும்.

38 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகள், மூத்த குழந்தைக்கு ஒளிச்சிகிச்சை தேவைப்பட்ட குடும்பங்கள், வாக்குவம் போன்ற கருவியின் உதவியுடன் பிறந்து தலையில் இரத்தக்கட்டு உள்ள குழந்தைகள், நீரிழிவு உள்ள தாயின் குழந்தைகள், எடை மிகவும் குறைந்துவரும் குழந்தைகள் ஆகியோரையும் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

நம் வீடுகளுக்குரிய ஓர் எச்சரிக்கையையும் இங்கே கூற வேண்டும். பிறந்த குழந்தைக்குப் புத்தாடை அணிவிக்காமல், பெட்டியிலோ பீரோவிலோ வைத்திருந்த பழைய துணியை உடுத்துவது நம் வழக்கம். மென்மையான பருத்தித் துணி என்பதால் அது நல்ல வழக்கமே. ஆனால் அத்துணிகளுக்கிடையே அந்துருண்டை எனப்படும் பாச்சை உருண்டை போடப்பட்டிருந்தால் அதில் ஆபத்து உள்ளது. ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் சென்று சிவப்பணுக்களைத் திடீரென உடைத்துவிடும். மஞ்சள் நிறம் சில மணி நேரங்களிலேயே அபாய அளவை எட்டக்கூடும். இக்குறைபாடு ஆண் குழந்தைகளிடம் மிகுதி. வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. எனவே பிரசவத்திற்கு முன்பே, குழந்தைக்கென எடுத்துவைக்கும் துணிகள் இருக்கும் இடத்திலிருந்து அந்துருண்டைகளை அகற்றிவிடுங்கள். துணிகளை நன்றாகத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, வாசனை முற்றிலும் நீங்கிய பின்னரே பயன்படுத்துங்கள்.

வீட்டில் எவ்வாறு பார்ப்பது?

குழந்தையைச் சன்னல் அருகே, பகல் வெளிச்சத்தில் ஆடை நீக்கிப் பாருங்கள். மஞ்சள் விளக்கொளியில் பார்த்தால் ஏமாற நேரும். நெற்றியிலும் மார்பிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்திய இடத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று கவனியுங்கள். மாநிறக் குழந்தைகளுக்குத் தோலைவிட வெண்விழியும் ஈறும் தெளிவாகக் காட்டும். மஞ்சள் நிறம் முகத்தில் தொடங்கி, மார்பு, வயிறு, தொடை, கால் என்று கீழ்நோக்கி இறங்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் அளவு மிகுந்துவிட்டது என்றே கருதி உடனே வர வேண்டும்.

குளிப்பாட்டும்போது மஞ்சள் பொடியோ பயற்றம் மாவுடன் மஞ்சளோ பூசாதீர்கள். உண்மையான நிறத்தை அது மறைத்துவிடும். மஞ்சள் நிற ஆடையும் விரிப்பும்கூட முதல் இரு வாரங்களுக்கு வேண்டாம்.

எவ்வாறாயினும், கண்ணால் பார்த்து அளவைத் துல்லியமாகக் கூறுதல் மருத்துவராலும் இயலாது. நெற்றியிலோ மார்பிலோ வைத்துப் பார்க்கும் கருவியும், தேவையானால் சில துளி இரத்தமும் கொண்டே அளவை உறுதிசெய்கிறோம். ஐயம் எழுந்தால் பரிசோதனை கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

தாய்ப்பாலே முதல் பாதுகாப்பு

குடலுக்கு வந்த பிலிருபின், மலம் வெளியேறத் தாமதமானால் மீண்டும் இரத்தத்திற்குள் உறிஞ்சப்படும். பிறந்த குழந்தையின் கரும்பச்சை நிற முதல் மலத்தில் பிலிருபின் நிறைந்துள்ளது. சீம்பால் இயல்பான மலமிளக்கியாகச் செயல்பட்டு அதனை விரைவாக வெளியேற்றுகிறது. ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்கி, ஒரு நாளில் 8 முதல் 12 முறை, இரவிலும் தவறாமல் ஊட்ட வேண்டும். தூங்கும் குழந்தையை, தேவையானால் உள்ளங்காலைத் தேய்த்தேனும் எழுப்பிப் பால் கொடுங்கள்.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தையே காட்டிவிடும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்க வேண்டும். மலம் கரும்பச்சையிலிருந்து பொன்மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. ஆனால் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல், அதாவது 3 கிலோ குழந்தைக்கு 300 கிராமுக்கு மேல் குறைந்தால், பால் போதவில்லை என்பது பொருள். இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடையை மீண்டும் அடைந்திருக்க வேண்டும்.

சர்க்கரைத் தண்ணீர், வெறும் தண்ணீர், சேனை, கழுதைப்பால், கீழாநெல்லிச் சாறு ஆகியவற்றுள் எதுவும் பச்சிளங்குழந்தையின் மஞ்சள் நிறத்தைக் குறைப்பதில்லை. அவை சிறிய வயிற்றை நிரப்பித் தாய்ப்பாலைக் குறைக்கின்றன, கிருமித்தொற்றுக்கும் வழிசெய்கின்றன. கீழாநெல்லி பெரியவர்களின் காமாலைக்கு வழங்கிவரும் மூலிகை. இது வேறு நிலை என்பதை மேலே கண்டோம். தாய் மஞ்சள் சேர்த்த உணவை உண்பதால் குழந்தை மஞ்சளாவதும் இல்லை. பத்தியம் என்ற பெயரில் தாயின் உணவைக் குறைத்துவிடாதீர்கள்.

நன்கு எடை கூடி, சுறுசுறுப்பாக உள்ள சில குழந்தைகளுக்குத் தாய்ப்பாலிலுள்ள சில பொருள்களால் மிதமான மஞ்சள் நிறம் இரண்டு மூன்று மாதங்கள் வரை நீடிக்கலாம். பரிசோதித்து இதுவே காரணம் என உறுதியான பின்னர் அஞ்சத் தேவையில்லை. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவும் வேண்டாம்.

இளவெயிலில் காட்டினால் போதாதா?

பெரியோர் பலர் கேட்கும் இக்கேள்வியில் நியாயம் உண்டு. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவின் தலைமைச் செவிலியராக இருந்த ஜீன் வார்டு, குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டு செல்வது வழக்கம். ஒரு குழந்தையின் உடலில் துணி மறைத்திருந்த பகுதி மட்டும் மஞ்சளாக இருக்க, வெயில் பட்ட பகுதி வெளுத்திருப்பதை அவர் கண்டு மருத்துவர்களுக்குக் காட்டினார். அங்கிருந்த மருத்துவர் கிரெமரும் அவருடைய குழுவினரும் ஆய்ந்து, 1958-இல் செயற்கை ஒளியால் பிலிருபினைக் குறைக்கலாம் என்று வெளியிட்டனர். இன்றைய ஒளிச்சிகிச்சை ஒரு செவிலியரின் கூர்ந்த கவனிப்பிலிருந்து பிறந்தது.

ஆனால் பயன் தருவது வெயிலின் வெப்பமன்று. அதிலுள்ள நீல நிற ஒளி. வெயிலில் அதனுடன் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன. ஆடையின்றி வெளியில் வைத்தால் காலைக் குளிரில் உடல் குளிர்ந்துவிடும். வெயில் ஏறினால் நீரிழப்பு ஏற்படும். காலையில் பத்து நிமிடம் கிடைக்கும் ஒளி, உயர்ந்துவரும் பிலிருபினைக் குறைக்கப் போதாது. வெயிலில் காட்டி வருகிறோம் என்ற நிம்மதியில் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே அதன் பெரிய தீங்கு.

சிகிச்சை எவ்வாறு நடைபெறும்?

ஒளிச்சிகிச்சையில் குழந்தையின் ஆடைகளை நீக்கி, கண்களை மறைத்து, நீல ஒளி விளக்கின் கீழ் படுக்க வைக்கிறோம். தோலிலுள்ள பிலிருபினை அவ்வொளி, கல்லீரலின் உதவியின்றியே வெளியேறக்கூடிய வடிவமாக மாற்றுகிறது. இதில் வலி இல்லை. மலம் சற்று இளகிப் பச்சையாகப் போகலாம். தோலில் சிறு தடிப்புகள் தோன்றலாம். இவை தாமே மறையும். இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை குழந்தையை எடுத்துப் பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மற்ற நேரங்களில் குழந்தை ஒளியின் கீழேயே இருக்கட்டும். மடியில் இருக்கும் நேரம் கூடினால் சிகிச்சையின் பயன் குறையும். பிரிந்திருக்கும் தாயின் மனவருத்தத்தை நாங்கள் அறிவோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஓரிரு நாட்களில் முடிந்துவிடும்.

ஒளிச்சிகிச்சைக்கும் கட்டுப்படாமல் அளவு உயர்ந்தால், தொப்புள் இரத்தக்குழாய் வழியாகக் குழந்தையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து, மாற்று இரத்தம் செலுத்தப்படும். அளவு மிக உயர்ந்திருந்த குழந்தைகளுக்குப் பின்னர்ச் செவித்திறன் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஒரு வயதுக்குட்பட்ட நோயுற்ற குழந்தைகளுக்கான சிகிச்சை, ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ்க் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. செலவை எண்ணி யாரும் காலந்தாழ்த்த வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கடந்தால் மலத்தின் நிறத்தைப் பாருங்கள்

14 நாட்களுக்குப் பின்னரும் மஞ்சள் நிறம் நீடித்தால், தாய்ப்பாலால்தான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, சிறுநீர்த் தொற்று போன்றவை காரணமாக இருக்கலாம். இவை அனைத்தினும் அவசரமானது பித்தநாள அடைப்பு. இதில் பித்தம் குடலுக்கு வர வழியின்றிக் கல்லீரலிலேயே தேங்கி அதனைச் சிதைக்கும். குழந்தையோ நன்கு பால் குடித்து, நலமாகவே தோன்றும். மலத்தின் நிறம் மட்டும் உண்மையைச் சொல்லும்: அது சுண்ணாம்பு போல் அல்லது களிமண் போல் வெளுத்திருக்கும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியும் அளவிற்கு அடர்ந்திருக்கும்.

இதற்கு ஜப்பானிய மருத்துவர் மொரியோ கசாய் 1959-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சையே இன்றும் முதல் வழி. குழந்தைக்கு 60 நாட்கள் நிறைவதற்குள் செய்தால் பித்தம் ஓடும் வாய்ப்பு மிகுதி. அதன் பின்னர் வாய்ப்பு குறைந்துகொண்டே செல்லும். தைவான் நாட்டில் குழந்தை நலக் கையேட்டிலேயே மல நிற அட்டை ஒன்றைச் சேர்த்து, பெற்றோரே ஒப்பிட்டுப் பார்க்கும்படி செய்துள்ளனர். நம் வீடுகளில் அதற்கு ஈடாக, வெளுத்த மலம் கண்டால் அந்தத் துணியையே எடுத்து வாருங்கள். அல்லது கைப்பேசியில் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வாருங்கள். நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம்.

வீடு திரும்பும் முன் கேட்டுப் பெற வேண்டியவை

1. குழந்தையின் பிறந்த எடையும் அன்றைய எடையும்.
2. தாய், குழந்தை இருவரின் இரத்தப் பிரிவு, தாய் ஆர்.எச். நெகட்டிவ் எனில் ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்ற விவரம்.
3. பிலிருபின் பார்க்கப்பட்டிருந்தால் அதன் அளவும், பார்த்த நேரமும்.
4. மறுபரிசோதனை நாள். 48 மணி நேரத்திற்கு முன் வீடு திரும்புவோர் அடுத்த இரண்டு நாட்களுக்குள் குழந்தையைக் காட்டியாக வேண்டும்.
5. இரவிலும் விடுமுறையிலும் தொடர்புகொள்ள வேண்டிய எண்.

நேரம் பாராமல் உடனே வர வேண்டியவை

1. முதல் 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் நிறம்.
2. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள்.
3. பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காத சோர்வு.
4. கீச்சென்ற அழுகை, உடல் வளைதல், வலிப்பு.
5. காய்ச்சல், அல்லது உடல் சில்லிட்டுப் போதல்.
6. ஒரு நாளில் சிறுநீர் மிகக் குறைதல்.
7. வெளுத்த மலம், அடர்மஞ்சள் சிறுநீர்.

வாகன வசதி இல்லையெனில் 108-ஐ அழையுங்கள். வரும் வழியெல்லாம் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து, கதகதப்பாக வைத்து, குடிக்க இயலுமாயின் பால் கொடுத்துக்கொண்டே வாருங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டிற்கு வரும்போது, குழந்தையை ஆடை நீக்கிக் காட்டுங்கள்; தூங்குகிறது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பரிசோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று நாங்கள் திருப்பி அனுப்பும் குழந்தைகளே எண்ணிக்கையில் மிகுதி. அவ்வாறு வந்து செல்வதை வீண் அலைச்சலாகக் கருத வேண்டாம். குழந்தை பிறந்த அறையின் சுவரில் இப்பக்கத்தை ஒட்டி வைத்து, முதல் பதினான்கு நாட்களும் காலையில் ஒரு முறை குழந்தையின் கண்ணையும், உள்ளங்காலையும், துணியிலுள்ள நிறத்தையும் பார்த்துவிடுங்கள்.